கடலுக்குப் போனவன் பங்கு

பேய் இல்லம்மா, பிக்கு. பிக்குன்னா பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நம்ம அலமாரி மேல கண்ணை மூடி உக்காந்திருக்காரே புத்தர், அவரு சொன்ன வழியில போற சாமியாருங்க. மொட்டை அடிச்சு, காவித்துணி கட்டி, கைல பிச்சை வாங்க ஒரு மண் ஓடு வச்சுக்கிட்டு காலையில வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க. சோறு போட்டா வாங்கிக்குவாங்க. போடலைன்னா அடுத்த வீடு. கோவிச்சுக்க மாட்டாங்க, உன்னை மாதிரி இல்ல.

சரி, படு. காலை நீட்டு. ம் கொட்டுனாத்தான் கதை ஓடும். ம் நின்னா கதையும் நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு பிக்கு இருந்தாரு. நாகப்பட்டினத்துக்குத் தெக்க, கடலை ஒட்டி ஒரு குப்பம். குப்பத்துக்குப் பின்னால பெரிய மணல்மேடு. மேட்டு மேல செங்கல் மடம். மடத்துல நம்ம பிக்கு. பேரு தம்மசீலர். கூப்பிட நீளமா இருக்குன்னு ஊரு அந்தப் பேரை அறுத்துச் சின்னதாக்கி, சீலரேன்னு கூப்பிட்டுச்சு. அவரும் சரின்னுட்டாரு. மொட்டை அடிச்ச பிறகு பேரு எவ்ளோ நீளம் இருந்தா என்ன.

"ம்."

சீலர் நல்லா படிச்சவரு. எல்லாம் சூன்யம், எதுவும் நிலையில்ல, எல்லார் மேலயும் கருணையா இருன்னு ஏகப்பட்டது மனப்பாடம். மழை பெஞ்சாலும் சொல்லுவாரு, வெயில் அடிச்சாலும் சொல்லுவாரு. குப்பத்து ஜனங்க தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டு, வலையைப் பின்னப் போயிடுவாங்க.

அந்தக் குப்பத்துல ஒரு பழக்கம். ஆம்பளை கடலுக்குப் போயிருந்தா, வீட்டுக்காரி சோறு வடிச்சதும் முதல் பிடியை ஒரு சின்னக் கலயத்துல எடுத்து வைப்பா. மேல கொட்டாங்கச்சியைக் கவுத்து, கடலைப் பாத்த மாதிரி வாசல்ல வச்சிடுவா. அதுக்குப் பேரு கடலுக்குப் போனவன் பங்கு. மறுநாள் காலையில அவளே கொண்டுபோய் அலையில விட்டுட்டு வருவா. வேற யாரும் அதைத் தொடக் கூடாது. ஒருத்தன் பங்கை இன்னொருத்தன் தின்னுட்டா, கடல் போனவனைத் திருப்பித் தராதுன்னு நம்புனாங்க. சொந்தப் புள்ள பசிக்குதுன்னு அழுதாலும் அந்தக் கலயத்துல கை வைக்க மாட்டாங்க. ஆமா, பூனைகூட வைக்காது. பூனைக்கு மீனே கெடைச்சுது, சோத்தை யாரு பாத்தா.

"ம்."

அங்க வலம்புரின்னு ஒரு பொண்ணு. அவ புருஷன் சாத்தன். ரெண்டு பேருக்கும் ஒரு பொம்பளப் புள்ள. எலும்பும் தோலுமா, துறுதுறுன்னு இருக்கும், அதனால கெளுத்தின்னு கூப்பிடுவாங்க. மீன் பேரு வச்சா மீனு கோவிக்காதான்னு கேக்காத. தெரியாது.

ஒரு நாள் கட்டுமரம் எல்லாம் கடலுக்குப் போச்சு. சாயங்காலம் காத்து திரும்புச்சு. விர்ர்ர்ருன்னு ஒரு காத்து. மத்த மரமெல்லாம் கரைக்கு வந்துடுச்சு. சாத்தன் மரம் வரல. மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. வலம்புரி கரையிலயே நின்னா. கண்ணு காஞ்சு போச்சு.

அப்போ சீலர் பிச்சைக்கு அந்தப் பக்கம் வந்தாரு. வலம்புரி ஓடிப்போய் அவரு முன்னால மண்ணுல விழுந்தா.

"சாமி, நீங்க படிச்சவரு. சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு வருவாரா?"

சீலருக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. கடல்ல போனவனைப் பத்திக் கரையில இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? தெரியாதும்மான்னு சொல்லிருக்கணும். அவரு படிச்ச படிப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஆனா கீழ ஒரு பொண்ணு மண்ணை அள்ளிப் பிடிச்சுக்கிட்டு அழுவுது. வாய் தானா தொறந்துச்சு.

"வருவாரும்மா."

அவ்ளோதான். வலம்புரி அழுகையை நிறுத்தி, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எழுந்து போயிட்டா. சீலரும் ஒரு நல்ல காரியம் பண்ணிட்டோம்னு மடத்துக்குப் போய் நிம்மதியா தூங்கினாரு. பொய் சொல்லிட்டு அவ்ளோ நல்லா தூங்கின ஆளு அந்த மடத்துல அதுக்கு முன்னால இல்ல.

"ம்."

அப்புறம் மழைக்காலம் வந்துச்சு. அந்த வருஷம் கடல் ஒரு மாதிரி இருந்துச்சு. தினம் ஒரு முழம் உள்ள வந்துச்சு. தளக் தளக்னு வந்து, ஒரு தென்னையைச் சாய்ச்சு, ஒரு குடிசையை நக்கிட்டுப் போச்சு. குப்பமே சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறிடுச்சு. மடத்தைச் சுத்தி கீத்துப் பந்தல் போட்டுத் தங்கிட்டாங்க.

வலம்புரி மட்டும் வரல.

"எங்க வீட்டுக்காரரு வருவாருன்னு சீலர் சொல்லிருக்காரு. அவரு வந்து வீட்டைத் தேடுனா? கரையில வீடும் இல்ல, நாங்களும் இல்லன்னா, செத்துட்டாங்கன்னு நெனச்சுத் திரும்பிப் போயிட மாட்டாரா?"

யாரு கூப்பிட்டாலும் இதையேதான் சொன்னா. புள்ளையை மட்டுமாவது குடுன்னு கேட்டாங்க. கெளுத்தி அம்மா காலைக் கட்டிக்கிட்டு விட மாட்டேன்னுடுச்சு.

இது சீலர் காதுக்கு வந்துச்சு. கடல் அவங்களை அங்க பிடிச்சு வைக்கல. தன்னோட வாய்தான் பிடிச்சு வச்சிருக்குன்னு புரிஞ்சுது. அலை குடிசைக்கு வர்றதுக்குள்ள அவங்களைக் கூட்டிட்டு வந்தாகணும். பிச்சை ஓட்டை எடுத்துக்கிட்டு எறங்கினாரு. சளக், சளக், சளக்னு மழைத்தண்ணியில நடந்து போனாரு.

"வலம்புரி, நல்லா யோசிச்சுப் பாரும்மா. வீடு வீடுங்கறியே, வீடுன்னா எது? கீத்து வீடா?"

"இல்ல சாமி."

"கழி வீடா?"

"இல்ல."

"மண்ணு வீடா?"

"இல்ல."

"பிரிச்சுப் பாத்தா வீடுன்னு தனியா ஒண்ணு இருக்கா? சூன்யம்மா. எல்லாம் சூன்யம். இதைப் போய்க் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே. வா, போலாம்."

வலம்புரி அவரு கையில இருந்த ஓட்டை வாங்கிட்டு உள்ள போனா. திரும்ப வந்து கையில குடுத்தா. சீலர் பாத்தாரு. காலி ஓடு.

"சாப்பிடுங்க சாமி. சோறுன்னா எது? அரிசியா, தண்ணியா, நெருப்பா? நல்லாப் பிரிச்சுப் போட்டிருக்கேன்."

கெளுத்தி கெக்கெக்கேன்னு சிரிச்சுடுச்சு. அன்னிக்குச் சீலர் சூன்யத்தைச் சாப்பிட்டுட்டு மடத்துக்குப் போனாரு. வயிறு கடமுடன்னு சத்தம் போட்டுச்சு.

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

"ம்."

அப்புறம் கடல் இன்னும் கிட்ட வந்துச்சு. பக்கத்து வீட்டு அடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. சீலருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அன்னிக்கு ஒரு பொய்தானே அவளை அங்க கட்டிப்போட்டுச்சு, இன்னொரு பொய்யைச் சொல்லி அவுத்து விட்டுடுவோம்னு நெனச்சாரு. பெரிய யோசனை. மறுபடி எறங்கினாரு. சளக், சளக், சளக்.

"வலம்புரி, மனசைத் திடப்படுத்திக்க. நான் கனவு கண்டேன். உன் வீட்டுக்காரரு போயிட்டாரும்மா. இனிமே வரமாட்டாரு."

வலம்புரி மீன் அரிஞ்சுக்கிட்டு இருந்தா. தலையே நிமிரல.

"அப்படியா சாமி. அன்னிக்கு வருவாருன்னு சொன்னீங்களே, அது எந்தக் கனவு?"

சீலர் வாயைத் தொறந்தாரு. மூடினாரு. மறுபடி தொறந்தாரு. அவ கையில இருந்த மீனும் அதையேதான் பண்ணிக்கிட்டு இருந்துச்சு.

"ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னு தட்டியை இழுத்துச் சாத்திட்டா. டப்.

சீலர் மழையில நின்னாரு. தட்டி இடுக்குல கெளுத்தி மூக்கு மட்டும் தெரிஞ்சுது. "சாமி, அம்மா அழுவுது. போயிட்டு அப்புறமா வாங்க"ன்னு சொல்லுச்சு. அந்தக் குரல்தான் அவரை மடத்துல உக்கார விடல. மனப்பாடத்தைச் சொல்லிப் பாத்தாரு. முதல் வரிக்கு மேல ஓடல. தூரத்துல கடல் ஓஓஓன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு.

விடிஞ்சுது. விடிஞ்சுதான்னு சந்தேகமா இருந்துச்சு, வானம் அப்படி இருட்டிக் கெடந்துச்சு. சீலர் மூணாவது தடவை எறங்கினாரு. இப்போ தண்ணி வலம்புரி வாசலுக்கே வந்துடுச்சு. சீலர் அந்தத் தண்ணியிலயே, வாசப்படியில, பொத்துன்னு உக்காந்துட்டாரு.

"இன்னிக்கு என்ன கொண்டாந்தீங்க, சூன்யமா, கனவா?"

"ஒண்ணும் கொண்டாரல. எனக்குத் தெரியாது வலம்புரி. அவரு வருவாரான்னு தெரியாது. அன்னிக்கும் தெரியாது. நீ அழுதது என்னால தாங்க முடியல, அதான் சொல்லிட்டேன். உன் நல்லதுக்குன்னு நெனச்சேன். இல்ல. என் காது வலிச்சுது, அதுக்குச் சொன்னேன்."

அதுக்கு வலம்புரி ஒண்ணு கேட்டா பாரு, அதுக்கு அந்த மடத்துல யாருக்கும் பதில் தெரியாது.

"வருவாருன்னா காத்திருப்பேன். வரமாட்டாருன்னா தாலியைக் கழட்டிட்டு அழுது தீப்பேன். தெரியாதுன்னா நான் என்ன சாமி பண்றது? தெரியாதுங்கிறதை வச்சுக்கிட்டு ஒருத்தி எப்படி சோறு வடிப்பா?"

"அதுவும் எனக்குத் தெரியாது. நீ புள்ளையைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போ. நான் இங்க உக்காந்துக்கறேன். அவரு வந்தா, மேட்டுல இருக்காங்கன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல?"

"உங்க பேச்சை எப்படி நம்பறது?"

"நம்பாத. மேட்டுலேர்ந்து பாரு. உக்காந்திருக்கேனா இல்லையான்னு தெரியும்."

அலை ஒண்ணு வந்துச்சு. தளக். கெளுத்தி முட்டி வரைக்கும் நனைஞ்சுடுச்சு. வலம்புரி புள்ளையை வாரி இடுப்புல வச்சா. போறப்போ திரும்பி நின்னு பங்குக் கலயத்தைக் காட்டினா. வாசல்ல வச்சா தண்ணி கொண்டுபோயிடும்னு உறியில தூக்கி வச்சிருந்தா.

"நேத்து வடிச்ச பங்கு அதுல இருக்கு. என் கையால அலையில விடற நேரத்துல நீங்க வந்துட்டீங்க. வேற யாரும் தொடக் கூடாதுதான், இன்னிக்கு வேற வழியில்ல. கொஞ்சம் தண்ணி வடிஞ்சதும் நீங்க விட்டுடுங்க. யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க சாமி. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

சீலர் தலையை ஆட்டினாரு. அவ போயிட்டா.

"ம்."

கேட்டுக்கிட்டுத்தான் இருக்கியா? கண்ணு மூடியிருக்கே. சரி சரி.

அப்புறம் சீலர் அந்தக் குடிசையில தனியா உக்காந்தாரு. காலி வீடுன்னு நெனச்சுத்தான் உக்காந்தாரு. காலியாவே இல்ல. மூலையில சாத்தனோட துடுப்பு. பிடிக்கிற எடத்துல கை தேஞ்சு பளபளன்னு இருந்துச்சு. கொடியில அவன் துண்டு, துவைக்காம. மண்சுவத்துல கெளுத்தி பதிச்சு வச்ச கிளிஞ்சல். எங்க பாத்தாலும் ஒரு ஆளு இருந்தான். அவரு மனப்பாடம் பண்ணி வச்சிருந்த சூன்யத்துக்கு அங்க உக்காரவே எடமில்ல.

அந்தத் துடுப்பையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சாத்தன் கை இல்லாம அந்தத் துடுப்பு இல்ல. கடல் இல்லாம சாத்தன் இல்ல. வலம்புரி இல்லாம அந்தத் துண்டு வெறும் துணி. எதுவுமே தன்னால தனியா நிக்கல. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குது. ஒண்ணை உருவுனா எல்லாம் சரியுது. ஓகோ, இதைத்தான் சொன்னாங்களா, நான்தான் இத்தனை நாளா ஒண்ணுமே இல்லன்னு சொல்றாங்கன்னு நெனச்சுட்டேனான்னு அவருக்குத் தோணுச்சு. தோணி என்ன பண்றது. துடைக்கவா முடியும் அந்தப் பொண்ணு கண்ணை.

வெளிய சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடினாரு. கீத்து ஆடும், பரக்னு. சாத்தனோ? இல்ல. மட்டை விழும், தொப்புனு. சாத்தனோ? இல்ல. தினம் விடியறதுக்குள்ள கடலுக்குப் போயிடுறதால மூஞ்சியே பாக்காத ஒரு ஆளுக்காக அவரு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. வலம்புரி இத்தனை நாளா இந்த வீட்டுல எப்படி இருந்தாங்கிறது அப்பத்தான் அவருக்குத் தெரிஞ்சுது.

மறுபடி ஒரு சத்தம். சர்ர்ர்... சர்ர்ர்... யாரோ மண்ணுல ஊர்ந்து வர்ற மாதிரி. சீலர் வெளிய பாஞ்சாரு.

ஒரு ஆளு! தண்ணியில குப்புறக் கெடந்து, கையை ஊனி ஊனி வர்றான்.

"சாத்தா! நீ சாத்தன்தானே?"

அந்த ஆளு நிமிந்து பாத்தான். உதடெல்லாம் வெடிச்சு உப்புப் பூத்திருக்கு. ஏதோ சொன்னான். தமிழே இல்ல. எந்த ஊரு பாஷைன்னும் தெரியல. எந்தக் கரையிலேர்ந்து கெளம்பி எந்தக் கப்பல் உடைஞ்சு வந்தானோ.

சாத்தன் இல்ல.

ச்சேன்னு வந்துடுச்சு சீலருக்கு. உயிரோட ஒருத்தன் கடல்லேர்ந்து எழுந்து வந்திருக்கான், கருணை கருணைன்னு ஊருக்கெல்லாம் சொல்ற மனுஷன், இவன் ஏன் வந்தான்னு நெனச்சாரு. நெனச்சதும் அவருக்கே உடம்பு கூசிப்போச்சு.

இழுத்துட்டு வந்து உள்ள போட்டாரு. அவன் வாயைக் காட்டினான். வயித்தைக் காட்டினான். சீலர் ஓட்டுல ஒண்ணுமில்ல. பானையில ஒண்ணுமில்ல. தூக்கிட்டு மேட்டுக்குப் போலாம்னா, இவரு ஓமக்குச்சி, அவன் ஆறடி. அவன் கால் தரையில நிக்கல. ஒரு வாய் உள்ள போனாத்தான் எழுந்திருப்பான். தண்ணி தட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள வருது, தளக் தளக். உறியில கலயம் ஆடுது.

யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க சாமி.

சீலர் கலயத்தைப் பாத்தாரு. அவனைப் பாத்தாரு. குடுத்தா, அவ புருஷனைக் கொன்ன மாதிரி. குடுக்கலைன்னா, இவனைக் கொன்ன மாதிரி. புஸ்தகத்துல இதுக்கு வரி இருந்துச்சான்னு தேடிப் பாத்தாரு. கெடைக்கல. உறியிலேர்ந்து கலயத்தை எடுத்தாரு.

அவன் பளக் பளக்னு முழுங்கிட்டு, கலயத்தை வழிச்சு நக்கிட்டு, மறுபடி கையை நீட்டினான். எழுந்து நின்னான். ரெண்டு பேரும் தோள்ல தோள் போட்டுக்கிட்டு வெளிய வந்தாங்க. கொஞ்ச தூரம் போயிருப்பாங்க. பின்னால சரசரசரன்னு ஒரு சத்தம், அப்புறம் தொபுக். சீலர் திரும்பிப் பாக்கல.

"ம்."

ஆனா மேட்டுலேர்ந்து வலம்புரி பாத்துக்கிட்டே இருந்தாளே. மழைக்குள்ள ரெண்டு உருவம் தெரிஞ்சுது. ஒண்ணு காவி. இன்னொண்ணு... ஆம்பளை. கடல் பக்கமிருந்து வர்ற ஆம்பளை. அவ்ளோதான். ஓடினா. விழுந்தா. எழுந்து ஓடினா. பின்னாலயே கெளுத்தி "அப்பா! அப்பா!"ன்னு மணல்ல உருண்டு வந்துச்சு.

கிட்ட வந்தா. மூஞ்சியைப் பாத்தா.

சாத்தன் இல்ல.

சீலர் பக்கம் திரும்பி, "வீடு?"ன்னு கேட்டா.

"போச்சும்மா."

"பங்கு?"

சீலருக்கு ஒரு பொய் சொல்ல நல்ல நேரம். அலையில விட்டுட்டேன்னு சொல்லிருக்கலாம். யாருக்கும் தெரியாது. சொல்லல.

"இவனுக்குக் குடுத்துட்டேன்."

வலம்புரி கையை ஓங்கினா. சீலர் நகரல. ஓங்கின கை அப்படியே நின்னு, கீழ எறங்குச்சு. ஈரமணல்ல உக்காந்துட்டா. அழக்கூட இல்ல. அந்த ஆளுக்கு ஒண்ணும் புரியல. இவங்க எல்லாரும் ஏன் தன்னை இப்படிப் பாக்கறாங்கன்னு தெரியாம முழிச்சான். மெதுவா கையை வாய்க்கிட்ட கொண்டுபோய்க் காட்டினான்.

"அம்மா, இந்த ஆளுக்கு இன்னும் பசிக்குதும்மா"ன்னு கெளுத்தி சொல்லுச்சு.

வலம்புரி அவனைப் பாத்தா. அப்பத்தான் ஒழுங்கா பாத்தா.

"சாமி, இவனுக்கும் எங்கயோ ஒருத்தி எடுத்து வச்சிருப்பாளா?"

"தெரியாதும்மா."

"வச்சிருப்பா"ன்னா வலம்புரி. முழங்கால்ல கையை ஊனி எழுந்தா. "ஒரு பிடி எந்த ஆம்பளைக்குப் பத்தும்?"ன்னு சொல்லிக்கிட்டே மேட்டுக்கு ஏறினா. சோறு வைக்க அடுப்பு மூட்டினா. ஈர வெறகு. எரியவே இல்ல. புகைஞ்சுது. குனிஞ்சு ஊஊஊன்னு ஊதினா, ஊதினா, ஊதிக்கிட்டே இருந்தா. கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுச்சு. புகைன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க.

என்னம்மா? சாத்தனா? வந்தாரான்னு கேக்குறியா? இரு, வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க.

"அண்ணே, சங்கரண்ணே! தூங்கிட்டீங்களா? எங்க அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும், என்னால ஒத்தையா முடியல. கொஞ்சம் கை குடுக்குறீங்களா?"

தூங்கலப்பா. இதோ வர்றேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குத்தான். பாவம், கெடந்த பக்கமே கெடந்தா முதுகு புண்ணாயிடும். கதை மேட்டுல ஏறிடுச்சு, நீ பாய்ல எறங்கு கண்ணு. விளக்கு இருக்கட்டும். கதவைச் சும்மா சாத்திட்டுப் போறேன்.